மேஜையருகே ஒரு பையன்

புஸ்தகங்களைப் பற்றிச் சண்டை நடக்கிற வீடு பாக்கியம் செய்த வீடு என்று நாம் வெகு காலமாய்ச் சொல்லி வந்திருக்கிறோம். சென்ற மாதம் அந்தப் பாக்கியம் நமது வீட்டுக்கே வந்து சேர்ந்தது. வந்த பிறகுதான், அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டின்போது ஆரம்பித்த விவாதம், ரசம் ஆறி, மோர் வந்து, கை காய்ந்து போன பிறகும் முடியவில்லை.

சண்டையை மூட்டியவர் ரிச்சர்டு லெவெலின் என்பவர். அவர் 1983-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டபடியால் அவரை அழைத்துச் சாட்சி கேட்க வழியில்லை. 1939-ல் அவர் வெளியிட்ட நாவலுக்கு 'ஹௌ கிரீன் வாஸ் மை வேலி' என்று பெயர். "என் பள்ளத்தாக்கு எத்தனை பசுமையாயிருந்தது!" என்று ஒருவர் பெருமூச்சு விடுவதாக வைத்துக்கொண்டால் அந்தப் பெயரின் பொருள் விளங்கிவிடும்.

நேயர்களில் பலர் அதைப் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. தென் வேல்ஸில், விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்தில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த மார்கன் குடும்பத்தின் கதை அது. கதையைச் சொல்லுகிறவன் அந்த வீட்டின் கடைசிப் பிள்ளை ஹ்யூ. இப்போது அவனுக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. தாயார் வீட்டு வேலை செய்யும்போது தலையில் கட்டிக்கொள்ளும் சிறிய நீலத் துணியில் தன்னுடைய சட்டை துணிகளை முடிந்துகொண்டு, ஊரைவிட்டே புறப்படப் போகிறான். சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய கழிவுக் குன்று வளர்ந்து வளர்ந்து வீட்டுச் சுவரின் மேல் வந்து சாய்ந்து கொண்டிருக்கிறது. அந்த வீட்டுக்குள் உட்கார்ந்தபடி அவன் பழசையெல்லாம் நினைத்துப் பார்ப்பதுதான் நாவல்.

சனிக்கிழமை தோறும் கூலி கொடுக்கும் நாளில், தாயார் பெத் வெள்ளைத் துணி விரித்த மடியுடன் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். புருஷனும் பிள்ளைகளும் வரிசையாய் வந்து தங்கள் கூலிப் பவுன்களை அவள் மடியில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். பிறகு வெந்நீர்த் தொட்டியில் இறங்கிக் கரியைத் தேய்த்துக் கழுவுவது. அதன் பிறகு சாப்பாடு. சாப்பிடும்போது ஒருவரும் பேசக்கூடாது என்பது தகப்பனார் க்விலிம் மார்கனின் சட்டம். இந்தப் பகுதியைப் படித்துவிட்டு எந்தத் தேசத்திலாவது ஒரு வாசகர், "எங்கள் வீட்டிலும் இப்படித்தான்!" என்று சொல்லாமலிருந்திருப்பாரா என்பது சந்தேகம். 1940-ஆம் ஆண்டில் மிகவும் பிடித்த நாவல் என்று அமெரிக்கப் புஸ்தக வியாபாரிகள் இதற்குப் பரிசளித்தார்கள். ஐரோப்பாவில் குண்டு விழுந்து கொண்டிருந்த சமயத்தில், மடியில் விழுந்த பவுன்களின் சத்தம் ஜனங்களுக்கு இதமாயிருந்தது போலும்.

விவாதத்துக்கு வருவோம். நமது புதல்வி அப்போதுதான் புஸ்தகத்தை முடித்திருந்தாள். முடித்த கையோடு ஆசிரியரின் வரலாற்றையும் தேடிப் படித்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கதையைப் படித்து அழுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. கதாசிரியருடைய ஜனன சர்ட்டிபிகேட்டையும் கேட்கிறார்கள்.

"அப்பா! இந்த மனுஷர் வேல்ஸில் பிறக்கவே இல்லை, தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "செயின்ட் டேவிட்ஸில் பிறந்தேன் என்று ஆயுள் முழுவதும் சொல்லி வந்திருக்கிறார். லண்டனை அடுத்த ஹென்டனில் 1906-ல் பிறந்தவர் என்று செத்த பிறகுதான் வெளியாயிற்று. சுரங்க வாழ்க்கையைப் பற்றி எழுதினதெல்லாம், லண்டனில் புஸ்தகக் கடை வைத்திருந்த ஒரு வேல்ஸ் குடும்பத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாம். இந்தப் பொய்க்காகவா நீங்கள் ஐம்பது வருஷமாய்க் கண்ணீர் விட்டீர்கள்?"

ஐம்பது வருஷம் என்பது வாஸ்தவம். கண்ணீர் விஷயம் கொஞ்சம் அதிகப்படி.

நமது வீட்டு அம்மாளுக்கு ஆசிரியர் எங்கே பிறந்தார் என்பதில் சிரத்தை கிடையாது. அவளுடைய கோபமெல்லாம் பாதிரியார் க்ரிஃபித்தின் பேரில். மார்கன் வீட்டுப் பெண் ஆங்ஹாரட் அவரிடம் உயிரையே வைத்திருக்கிறாள். அவருக்கும் அவளிடம் பிரியந்தான். ஆனால், தமது சொற்ப வருமானத்தில் அவள் கஷ்டப்படுவாள் என்று எண்ணி மனிதர் வாய் திறக்காமலே இருந்துவிடுகிறார். அவள் சுரங்க முதலாளியின் மகனை மணந்து, மாளிகையில் வாடிப் போகிறாள். பிற்பாடு ஊரார் வம்பு பேச, அவர் ஊரைவிட்டே போகிறார்.

"மலையடிவாரத்து ஜனங்களுக்கெல்லாம் உபதேசம் செய்ய வாய் இருக்கிறது. 'என்னைக் கல்யாணம் செய்துகொள்' என்று சொல்ல மட்டும் வாய் இல்லையாக்கும்? அவள் கஷ்டப்படுவாளா, மாட்டாளா என்று அவளையல்லவா கேட்டிருக்க வேண்டும்?" என்றாள். இதற்கு நாம் சொல்லக்கூடிய பதில் ஒன்றும் புலப்படாதபடியால் மோரை ஊற்றிக்கொண்டோம்.

புதல்வியின் குற்றச்சாட்டை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் வேல்ஸ் தேசத்து வாசகர்களிலேயே பலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஜனங்களை எந்நேரமும் பாடுகிறவர்களாகவும் எந்நேரமும் ஜபம் செய்கிறவர்களாகவும் காட்டிவிட்டார் என்றார்கள். வேல்ஸ் மொழியின் வாக்கிய அமைப்பை அப்படியே இங்கிலீஷில் பெயர்த்து வைத்து, எவரும் பேசாத ஒரு பாஷையைச் சிருஷ்டித்திருக்கிறார் என்றும் சொன்னார்கள். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்த உண்மையான எழுத்தாளர்கள் அதே சமயத்தில் அங்கே இருந்தார்கள். லூயிஸ் ஜோன்ஸ் என்பவர் 'கும்மார்டி' என்ற நாவலை 1937-ல் வெளியிட்டார். பி. எல். கூம்ப்ஸ் என்ற தொழிலாளி 'தீஸ் புவர் ஹாண்ட்ஸ்' என்று தம்முடைய சுயசரிதத்தை வெளியிட்டது அதே 1939-ல். லெவெலின் அடைந்த கீர்த்தியை அவர்கள் அடையவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உண்மையான வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி என்று நாம் கொண்டாடுகிற கூம்ப்ஸ் பிறந்தது இங்கிலாந்தில் உல்வர்ஹாம்ப்டன் நகரில்! பிழைக்க வந்து, வேல்ஸ் பெண்ணை மணந்து, அந்தக் கரியிலேயே கரைந்து அந்த ஊர்க்காரராகிவிட்டார். நாவலைச் சினிமாவாக எடுத்தபோது தகப்பனாராக நடித்து ஆஸ்கார் பரிசு பெற்ற டொனால்டு கிரிஸ்ப், தாம் ஸ்காட்லாந்துக்காரர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவரும் லண்டனில் பிறந்தவரே என்று பிற்பாடு தெரிந்தது. ஜான் ஃபோர்டு 1941-ல் எடுத்த அந்தப் படத்தின் வேல்ஸ் கிராமமோ, யுத்தம் காரணமாகக் கலிபோர்னியா மலைச் சரிவில் செட்டாகப் போடப்பட்டது. படத்துக்கு ஐந்து ஆஸ்கார் பரிசுகள். இப்போது எல்லாரும் தலையில் வைத்துக்கொண்டாடும் 'சிட்டிஸன் கேன்' அந்த வருஷம் அதனிடந்தான் தோற்றது.

இவற்றையெல்லாம் நாம் சொன்னபோது, "அப்படியானால் எல்லாரும் பொய்யர்கள் என்று ஏற்பட்டதே தவிர, இவர் மெய்யர் என்று ஏற்படவில்லையே?" என்றாள் புதல்வி. சட்டம் படித்த பெண்ணிடம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

"சரி, பள்ளிக்கூடத்துப் பலகையைப் பற்றி என்ன சொல்லுகிறாய்?" என்று கேட்டோம். அவள் மௌனமானாள்.

நாவலில் ஒரு கட்டம். ஹ்யூ படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னப் பெண்ணின் கழுத்தில் கயிறு கட்டிப் பலகையைத் தொங்கவிட்டிருக்கிறது. பள்ளியில் வேல்ஸ் மொழி பேசக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. அவள் நடக்கும்போது பலகை காலில் இடித்துக் காயப்படுத்துகிறது. எழுதி மாட்டிய உபாத்தியாயரோ வேறு யாருமில்லை. வேல்ஸ் குலத்தில் பிறந்து அதற்காக வெட்கப்படுகிற மனிதர். ஹ்யூ அவர் மேல் பாய்ந்துவிடுகிறான். அத்துடன் அவன் பள்ளிப் படிப்பு முடிகிறது. இது ஆசிரியரின் கற்பனையல்ல. 'வேல்ஷ் நாட்' என்று பெயர் கொண்ட அந்தத் தண்டனைப் பலகை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸின் பல பள்ளிக்கூடங்களில் இருந்தது. தாய்மொழியில் பேசி அகப்பட்ட குழந்தையின் கழுத்தில் மாட்டுவார்கள். அடுத்தபடி பேசுகிற குழந்தைக்கு அது மாறும். பல இடங்களில், மாலையில் யார் கழுத்தில் நிற்கிறதோ அந்தக் குழந்தைக்கு அடி. 1847-ல் இங்கிலாந்து அரசாங்கம் வெளியிட்ட கல்வி அறிக்கையில், வேல்ஸ் மொழியே அந்த ஜனங்களின் முன்னேற்றத்துக்கு ஒரு தடை என்று எழுதி வைத்தார்கள். நீல அட்டை போட்ட அந்த அறிக்கையை வேல்ஸ் மக்கள் இன்றும் 'நீலப் புஸ்தகங்களின் துரோகம்' என்றே குறிப்பிடுகிறார்கள்.

அந்த மொழி சாகவில்லை. 2021-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில், ஐந்து லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர் தங்களுக்கு வேல்ஸ் மொழி பேசத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாவலில் வரும் பெண்ணின் காலில் இடித்த பலகையைப் படித்தபோது நமக்கு உண்டான ஆத்திரம் ஹென்டனில் பிறந்தவர் எழுதியதால் குறைந்துவிடுமா? "குறையாது" என்று புதல்வி ஒப்புக்கொண்டாள். ஆனால் உடனே வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டாள்.

"உங்கள் ஹ்யூவுக்கு வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள். கலப்பில் பிறந்தவர்கள் என்று கேவலமாய்ப் பேசுகிறான். பள்ளத்தாக்கு கெட்டுப் போனதற்குக் காரணம் முதலாளியா, பிழைக்க வந்த ஏழையா? ஒரு குழந்தையைக் கொன்ற பாவியை, போலீஸும் கோர்ட்டும் இல்லாமல் மலைமேல் கொண்டுபோய்க் குழந்தையின் உறவினரிடம் ஒப்படைக்கிறார்களே, அதை எவ்வளவு பெருமையாய்ச் சொல்லுகிறான்!"

இதற்கு நாம் எதிர்வாதம் செய்யவில்லை, செய்யவும் கூடாது. முதன்முதலில் படித்தபோது இந்தப் பகுதிகள் நம் கண்ணில் பட்டதாகவே ஞாபகமில்லை. இருபது வயதில் ஒரு புஸ்தகத்தைப் படிக்கிறவன் தனக்கு வேண்டியதை மட்டுமே படிக்கிறான் என்று தெரிகிறது.

கழிவுக் குன்று விஷயமும் அப்படித்தான். அதை முதலில் படித்தபோது ஏதோ கவிஞர்கள் சொல்லும் உவமை என்று நினைத்தோம். வெகு நாள் கழித்தே அபர்வான் என்ற ஊரின் பெயரைக் கேள்விப்பட்டோம். 1966-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி காலை ஒன்பதேகால் மணிக்கு, அந்த ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டி வைத்திருந்த 7-ஆம் நம்பர் கழிவுக் குன்று மழையில் நெகிழ்ந்து கீழே பாய்ந்தது. பாண்ட்கிளாஸ் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் குழந்தைகள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். நீரூற்றின் மேல் குன்றைக் கொட்டியிருந்தார்கள். ஊரார் முன்கூட்டி எச்சரித்திருந்தும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விசாரணை செய்த மன்றம், தேசிய நிலக்கரி வாரியத்தின் மேலேயே குற்றம் சுமத்தியது. நாவல் வெளிவந்தது அதற்கு 27 வருஷம் முன்னால். வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும் அந்தக் குன்றை, அபர்வானுக்குப் பிறகு படிக்கிறவர் எவரும் உவமை என்று எண்ண முடியாது. ஆசிரியர் பிறந்த ஊரைப் பற்றி அவரை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் பார்க்க வேண்டியதை மனிதர் பார்த்திருக்கிறார்.

இந்த இடத்தில் வீட்டு அம்மாள், "இவ்வளவு சொல்லுகிறீர்களே, உங்களுக்கு ஏன் அந்தப் புஸ்தகம் பிடிக்கும் என்பதை மட்டும் இன்றைக்கும் சொல்லவில்லை" என்றாள். அவளுக்குத் தெரியும். புதல்விக்குத் தெரியாது. ஆகையால் சொல்ல வேண்டியதாயிற்று.

நமது தகப்பனார் ஒரு பஞ்சாலையில் தலைமைக் குமாஸ்தா. அதே ஆலையில் நூற்பு இலாகாவில் அண்ணா வேலைக்குச் சேர்ந்தான். 1971-ல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. அண்ணா வாசல் கேட்டில் கொடி பிடித்து நின்றான். அப்பா பின் கேட் வழியாக உள்ளே போய்க் கணக்கு எழுதினார். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரே சோற்றைச் சாப்பிட்டார்கள். ஒரு மாதம் வரையில் இது நடந்தது. ஓர் இரவு அப்பா, "இந்த வீட்டில் இருக்கிறவரை என் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்" என்றார். அண்ணா கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். ஆமதாபாத்தில் வேறு ஆலையில் சேர்ந்துவிட்டதாகப் பிற்பாடு அம்மாவுக்குக் கடிதம் வந்தது. அம்மாவுக்குத்தான் வந்தது, அப்பாவுக்கு இல்லை. அன்றிரவு தட்டின் முன் உட்கார்ந்திருந்த மூன்றாவது நபர் நாம். வயது 16.

இரண்டு வருஷம் கழித்துக் கல்லூரி வாசகசாலையில் இந்த நாவல் கையில் அகப்பட்டது. க்விலிம் மார்கன் கண்ணியமான மனிதர். நல்ல வேலைக்காரனுக்கு நல்ல கூலி தானாகக் கிடைக்கும், முதலாளியும் மனிதன்தானே என்று நம்புகிறவர். பிள்ளைகள் நம்பவில்லை. டௌலேயில் இரும்பாலை வேலை போனவர்கள் குறைந்த கூலிக்கு வந்து நிற்கிறார்கள், இனி எல்லாருடைய கூலியும் இறங்கும், சங்கம் சேர்ந்தால்தான் தப்பலாம் என்கிறார்கள். வாக்குவாதம் முற்றிப் பெரிய பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள். நாம் அதைப் படித்தது ஒரு விடுதி அறையில். விளக்கை அணைக்கச் சொல்லி மணி அடித்த பிறகு, வராந்தாவுக்கு வந்து படித்து முடித்தோம்.

ஊருக்குப் போனபோது புஸ்தகத்தை அப்பாவிடம் கொடுத்தோம். பிள்ளைகள் பக்கந்தான் நியாயம் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நமது உத்தேசம். இரவில் பத்துப் பத்துப் பக்கமாக நான்கு மாதம் படித்தார். வேலைநிறுத்தக்காரர்கள் புருஷனைச் சந்தேகிக்கிறார்கள் என்று தெரிந்து, பெத் அம்மாள் பனி கொட்டும் இரவில் மலை ஏறிப் போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்று அவர்களை எச்சரிக்கிறாளே, அந்த இடத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். மற்றபடி ஒன்றும் பேசவில்லை. முடித்துத் திருப்பிக் கொடுத்தபோது, "கிழவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கிழவன் சொன்னபடி நடக்கவில்லை" என்றார். அவ்வளவுதான். நாவலிலும் கூலி இறங்கிக்கொண்டேதான் போயிற்று. கிழவரும் கடைசியில் சுரங்கத்துக்குள்ளேயே போய்விடுகிறார்.

1988-ல் நமது வீட்டுக்கு ஒரு வீடியோ பெட்டி வந்தது. சிநேகிதர் ஒருவர் அந்தச் சினிமாவின் காசெட்டை இரவல் கொடுத்தார். அப்பா அப்போது நம்முடன் இருந்தார். அம்மா காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். பள்ளத்தாக்கின் பசுமையைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிள்ளைகள் மேஜையை விட்டு எழுந்து போகும் காட்சி வந்தது. மேஜையில் கடைசிப் பையன் ஹ்யூ மட்டும் பாக்கி. தகப்பனார் தலையைத் தூக்கவே இல்லை. பையன் தான் ஒருவன் இன்னும் அங்கே இருப்பதைத் தெரிவிக்க ஒரு சிறு ஓசை செய்கிறான். நீ இருப்பது எனக்குத் தெரியும், மகனே, என்கிற மாதிரி தகப்பனார் ஒரு வார்த்தை சொல்லுகிறார்.

அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். சமையலறையில் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஆனால் வெகு நேரம் திரும்பி வரவில்லை. படத்தை நிறுத்தலாமா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வந்து உட்கார்ந்துவிட்டார். கடைசி வரையில் பார்த்தார்.

மறுநாள் காலையில் காப்பி சாப்பிடும்போது, பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உன் அண்ணன் பழைய விலாசத்தில்தான் இருக்கிறானா, மாற்றிவிட்டானா?" என்று கேட்டார். மாற்றிவிட்டான் என்று சொன்னோம். ஓர் இன்லண்டு கடிதம் வாங்கி வரச் சொன்னார்.